அறுபது எண்ணுவதற்குள்

2003 ஆகஸ்ட் மாதம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் வீட்டுக் கணினியில் ஒருவர் இணையத்தைப் போடுகிறார். எந்தக் கோப்பையும் திறக்கவில்லை, எதையும் டவுன்லோடு செய்யவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி. கணினி அணையப் போகிறதாம், செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ள வேண்டுமாம். கூடவே 60, 59, 58 என்று விநாடிகள் இறங்குகின்றன. பூஜ்யம் வந்ததும் கணினி அணைந்து மறுபடி எழுகிறது. இணையத்தைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அதே பெட்டி, அதே 60!

இந்தச் சேட்டையைச் செய்தது பிளாஸ்டர் என்ற புழு. மண்புழு மாதிரி நெளியாது. அது ஒரு நிரல், அவ்வளவுதான். அளவு சுமார் 6 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படத்தின் இடத்தில் அப்படிப்பட்ட சில நூறு புழுக்களை அடைத்துவிடலாம்.

வைரஸ் வேறு, புழு வேறு. வைரஸ் இன்னொரு கோப்பின் முதுகில் ஏறி வரும். அந்தக் கோப்பை யாராவது திறந்தால்தான் அதற்கு உயிர். புழுவுக்கு முதுகு வேண்டாம். தானே கிளம்பும், தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கணினிக்கும் போர்ட் எனப்படும், எண் போட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பிளாஸ்டர் ஊரெல்லாம் போய்த் தட்டியது 135ஆம் வாசலை. அங்கே செய்தி வாங்கும் நிரலில் ஒரு பிழை இருந்தது. ஒரு படி அரிசி பிடிக்கும் பாத்திரத்தில் இரண்டு படி கொட்டினால் என்ன ஆகும்? வழியும். அப்படித்தான், ஒதுக்கிய இடத்தைவிட நீளமான செய்தியைப் புழு திணித்தது. வழிந்தது பக்கத்து நினைவகத்தில் விழுந்தது. அந்தச் சிந்திய அரிசிக்குள்தான் புழு தன் கட்டளைகளை ஒளித்து வைத்திருந்தது! இந்தத் திணிப்பில் செய்தி வாங்கும் நிரலே நொறுங்கிப்போகும். அது இல்லாமல் விண்டோஸுக்கு ஓடத் தெரியாது. அதனால்தான் அந்த 60 விநாடி.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் ஜூலை 16 அன்றே வந்துவிட்டது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. நடுவில் 26 நாள்! எக்ஸ்பியில் ஃபயர்வால் என்ற காவல்காரரும் இருந்தார். ஆனால் அவரை யாராவது எழுப்பினால்தான் வேலை செய்வார். 2004இல்தான் அவரைத் தானாகவே விழித்திருக்க வைத்தார்கள். திரை மூலையில் அப்டேட் என்று எட்டிப் பார்த்தால் நாம் அமுக்குவது எதை? 'பிறகு' என்பதைத்தானே? நானும் அந்தக் கட்சிதான். 2017 மே மாதம் இங்கிலாந்தின் மருத்துவமனைகளைத் திணற வைத்த வான்னாக்ரை புழுவுக்கும் மார்ச்சிலேயே அப்டேட் தயாராக இருந்தது.

சில புழுக்கள் நம் கையைக் கடன் வாங்கும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒன்று, காதல் கடிதம் என்று பெயர் போட்டு மின்னஞ்சலில் வந்தது. கோப்புப் பெயரின் முடிவில் டிஎக்ஸ்டி என்று தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். அதற்குப் பின்னால், அது ஒரு நிரல் என்று காட்டிக்கொடுக்கும் விபிஎஸ் என்ற இன்னொரு வால் இருந்ததை விண்டோஸ் மறைத்துவிட்டது. திறந்தவரின் படங்களை அழித்தது, அவருடைய மின்னஞ்சல் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அதே கடிதத்தை அனுப்பியது.

இந்த வால் வித்தை இன்னும் பழசாகவில்லை. பிரிண்ட் எடுக்கக் கடையில் கொடுத்து வாங்கிய பென் டிரைவைச் செருகுகிறீர்கள். உள்ளே மஞ்சள் நிற ஃபோல்டர், நீங்கள் வைத்த அதே பெயர். அது ஃபோல்டர் வேடம் போட்ட புழுவாகவும் இருக்கலாம், அவசரப்பட்டு இரண்டு முறை தட்டாதீர்கள். மவுஸின் வலது பொத்தானை அமுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'ஃபைல் ஃபோல்டர்' என்று இருந்தால் சரி. 'அப்ளிகேஷன்' என்றோ 'ஷார்ட்கட்' என்றோ இருந்தால், கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள்.