மலைத்தோட்டத்து ஜெபவீடுகள் – 9: குப்பாயம்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். எண்பதைத் தொட்ட அந்த அம்மா, தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து மடியில் விரித்தார். தடித்த பருத்தித் துணி, முழங்கை வரை கை, முன்பக்கம் முடிச்சுப் போட நாடா. மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது.

"எங்க பாட்டியோட குப்பாயம், தம்பி. இதைப் போட்டதுக்கு அவங்க பாட்டி காலத்துல சந்தையில வச்சு அடிச்சாங்களாம்."

1929-இல் 'போ' என்ற தேயிலைத் தோட்டம் தொடங்கி இந்த மலையில் காடு வெட்டிய காலத்தில், தமிழர்கள் கொண்டுவந்த சாமான்கள் கொஞ்சம். அவற்றோடு இப்படி ஒரு சட்டையும் வந்திருக்கிறது. அதன் கதையைச் சொல்ல நாகர்கோவிலுக்குத்தான் போகவேண்டும்.

அன்று அது தென் திருவிதாங்கூர். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பில் மிஷனரி ரிங்கல்தௌபே அங்கே வந்து, லண்டன் மிஷன் சபை வேரூன்றியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறும் நாடார்கள். அவர்களுடைய பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ அனுமதித்தார். ஆனால் பெண்கள் அதற்கு மேலே, மேல்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலையும் போட்டார்கள். 1822-இல் கல்குளம் பகுதியில் மேல்சாதியாரிடமிருந்து அடி விழுந்தது. சந்தையில் துணியைப் பிடித்து இழுத்தார்கள். மறு ஆண்டு பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும் பகை அடங்கவில்லை. 1827-க்குப் பிறகு ஜெபவீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை அடித்தவர்கள் பக்கமே சாய்ந்தது. தோள்சீலை கூடாது, அனுமதியில்லாமல் ஜெபவீடு கட்டவும் கூடாது என்றது.

மதத்துக்காக அடித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்ட ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். பனையேறியின் பிள்ளை கையில் புத்தகம் எடுத்தது. அவன் மனைவி சட்டை போட்டாள். பொறுக்க முடியாமல் போனது இவைதான். ஞானஸ்நானம் பெறாத நாடார் பெண்களும் தோள்சீலை கேட்டு அதே அடியைத்தான் வாங்கினார்கள்.

1858 கடைசியில் மறுபடி கலவரம் மூண்டது. அடுத்த மாதங்களில் ஒன்பது ஜெபவீடுகள் எரிந்தன. சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் கண்டித்து எழுதிய பிறகே, 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் இறங்கிவந்தார். நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக மட்டும் உடுத்தக்கூடாது. ஏறக்குறைய நாற்பது வருஷம் அடிபட்டுக் கிடைத்தது இந்தப் பாதி நியாயம்.

சட்டையைத் திரும்ப மடிக்கும்போது அந்த அம்மா நாடாவைத் தனியாக நீவிவிட்டார். பேத்தி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாளாம், அவளுக்கு இந்தக் கதை தெரியாதாம்.

இதைப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தால் அதைப் படியெடுத்து வையுங்கள்.

(தொடரும்)