மழைக்காலத்து டபுள் கிளிக்: கண்டியில் கேமிங் மவுஸ் வாங்குமுன்

ஒரு தடவை அமத்தினால் இரண்டு தடவை சுடுகிறது. கோப்பு ஒன்றை இழுத்து வைக்கப் போனால் பாதி வழியில் நழுவி விழுகிறது. வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற சுடும் விளையாட்டுகள் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த முறைப்பாடு பழகிப்போன ஒன்று. "மவுஸ் டபுள் கிளிக் அடிக்குது" என்பார்கள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. பெட்டியிலோ ஐந்து கோடி கிளிக் தாங்கும் என்று போட்டிருக்கும்.

அந்த ஐந்து கோடி பொய்யல்ல. ஆனால் அது பொறியின் உலோகத் தகடு எத்தனை தடவை வளைந்து நிமிரும் என்பதற்கான கணக்கு. மவுஸின் இடது பொத்தானுக்குக் கீழே சுண்டுவிரல் நகமளவு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் செப்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு. அமத்தும்போது அது கீழே தாவி இன்னொரு முனையைத் தொடும். "டிக்" என்ற சத்தம் அப்போதுதான் பிறக்கிறது. தொடும் கணத்தில் தகடு சற்றே துள்ளும், அதாவது மிகச் சிறிய இடைவெளியில் பலமுறை தொட்டு விலகும். மவுஸின் உள்ளே இருக்கும் சில்லு இந்தத் துள்ளலைச் சில மில்லிசெக்கன்கள் பொறுத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே கிளிக்காக எடுத்துக்கொள்ளும். தொடுமுனையில் அழுக்கோ ஒட்சைட்டுப் படலமோ ஏறினால், அல்லது தகடு தளர்ந்தால், துள்ளல் நீளும். சில்லு பொறுத்திருக்கும் நேரத்தை அது தாண்டியதும் ஒரு கிளிக் இரண்டாகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்விளக்கின் சுவிட்சில் ஓடும் மின்னோட்டம் பெரியது. தொடுமுனையில் படியும் மெல்லிய படலத்தை ஒவ்வொரு தடவையும் அதுவே எரித்துவிடும். மவுஸில் ஓடுவது மிகச் சொற்பம். படலம் அப்படியே தங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் கூடக்கூடப் படலம் ஏறும் வேகமும் கூடும்.

கண்டிக்காரருக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கும் நகரம். ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடியும் மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு உலர்ந்த காலம். கேமிங் மவுஸ் பற்றிய விமர்சனங்களில் பல குளிரூட்டிய அறைகளிலும் வறண்ட நாடுகளிலும் இருந்துகொண்டு செய்யப்பட்டவை. அவர்கள் புகழும் சில பொருட்கள் மஹாவலிக் கரையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

டபுள் கிளிக்குக்கு மருந்து மூன்று வகை. முதலில் மென்பொருள்: சில நிறுவனங்களின் மவுஸ்களில் அந்தப் பொறுத்திருக்கும் நேரத்தை நீங்களே கூட்டலாம். 4 மில்லிசெக்கனை 10 ஆக்கினால் நோய் சில மாதங்கள் அடங்கியிருக்கும், குணமாகாது. அடுத்தது சுவிட்சையே மாற்றுவது. மூன்று கால்கள்தான், கைத்தொலைபேசி திருத்தும் இடத்தில் ஈயம் பிடிக்கத் தெரிந்த எவரும் கழற்றிப் புதியது பொருத்தலாம். ஒன்றை மட்டும் முன்பே கவனியுங்கள்: பல மவுஸ்களின் திருகாணிகள் அடிப்பக்கத்து வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். பட்டையை உரித்தால் பழையபடி ஒட்டுவது கடினம், ஆகவே புதிய பட்டையும் கையில் இருக்க வேண்டும். வாரண்டி முடியாத மவுஸில் இந்த வேலைக்கே போகக்கூடாது. மூன்றாவது வழி, வாங்கும்போதே ஒளிச் சுவிட்ச் உள்ள மவுஸைத் தெரிவது. ரேஸர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட வைப்பர் மவுஸில் இருந்தது இந்த வகை. உலோகம் உலோகத்தைத் தொட்டு மின்சாரம் ஓடுவதற்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிர் ஒன்று கிளிக்கைக் காட்டிக்கொடுக்கும். படலம் ஏறுவதற்குத் தொடுமுனையே இல்லை. அமத்தும் உணர்வு சற்று மொட்டையாக இருக்கிறது என்று சிலர் குறைபடுவார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அந்தக் குறையோடு வாழலாம் என்பதே என் கட்சி.

ஈரம் தின்னும் இரண்டாவது பொருள் மவுஸின் மேற்பூச்சு. கடையில் தொட்டுப்பார்க்கும்போது பட்டுப்போல இருக்கும் ரப்பர் பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன். ஈரப்பதம் அதன் பிணைப்புகளை மெல்ல உடைக்கும். அலுமாரியில் பத்திரமாக வைத்த சப்பாத்தின் அடி ஒருநாள் மாவாக உதிர்வதும் இதே காரணத்தால்தான். மவுஸில் அது உதிராது, பிசுபிசுக்கும். தூசியையும் வியர்வையையும் இழுத்துக் கறுக்கும். பூச்சில்லாத வெறும் பிளாஸ்டிக் பார்வைக்கு மலிவாகத் தெரிந்தாலும் இங்கே நீடிப்பது அதுதான்.

கடையில் நடக்கும் உரையாடலில் இதெல்லாம் வருவதில்லை.

"நானா, இது எத்தின டிபிஐ?"

"பன்னெண்டாயிரம் தம்பி. இந்தப் பக்கத்தில இருக்கிறது பதினாறாயிரம்."

பேச்சு அங்கேயே முடிந்து பதினாறாயிரம் பைக்குள் போய்விடும். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பது மட்டுமே. அது துல்லியத்தின் அளவு அல்ல. 16,000இல் வைத்து விளையாட முயன்றால் தும்மினாலே இலக்கு திரையை விட்டு ஓடிவிடும். போட்டிகளில் ஆடுவோர் பெரும்பாலும் 400, 800, 1600 என்ற அளவுகளில்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகள் இன்று அநேகமாக எல்லாக் கேமிங் மவுஸிலும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி சென்சர் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது. 1999இல் மைக்ரோசொப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் உருளும் பந்தைத் தூக்கியெறிந்ததிலிருந்து மவுஸின் அடியில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு கமரா. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, முன்னதோடு பின்னதை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணிக்கிறது. கையை மிக வேகமாக வீசினால் இரண்டு படங்களுக்கும் பொதுவான பகுதி இல்லாமற்போய்க் கணக்குக் குழம்பும். "சும்மா திருப்பினேன், நிலத்தைப் பார்க்குது" என்று சொல்வது இதைத்தான். அலுவலக மவுஸ் பலவற்றின் எல்லை செக்கனுக்கு 30 அங்குலம் அளவில் நின்றுவிடும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 என்ற சென்சர் 250 அங்குலம், அதாவது 6 மீற்றருக்கு மேல், தாங்கும்; மனிதக் கை அந்த வேகத்தை எட்டுவது அரிது. ஆகவே நல்ல சென்சர் என்ற ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேலுள்ள எண்கள் பெட்டிக்கு அழகு மட்டும். கோட்டுக்குக் கீழே நிற்பவை, பெயர் தெரியாத நிறுவனங்கள் ஏழு வர்ண விளக்குப் போட்டு "கேமிங்" என்று விற்கும் மவுஸ்கள். சென்சரின் பெயர் பெட்டியிலும் இல்லை, நிறுவனத்தின் தளத்திலும் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. மவுஸ் பேட்டின் அளவை அது தீர்மானிக்கும். வலோரன்டில் டிபிஐ 800, உணர்திறன் 0.4 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸை ஏறக்குறைய 41 சென்றிமீற்றர் நகர்த்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருபவனைப் பார்க்கத் திரும்புவது அரைச் சுற்று; அதற்கு 20 சென்றிமீற்றருக்குச் சற்று மேல். அலுவலகங்களில் கிடக்கும் சின்ன பேட்டின் மொத்த அகலமே 22 சென்றிமீற்றர்தான். நடுவில் மவுஸை வைத்துக்கொண்டு அரைச் சுற்றுத் திரும்பினால் மேசைக்குப் போய்விடும். இதனால்தான் புதிதாக ஆடுபவர்கள் உணர்திறனைக் கூட்டுகிறார்கள், கூட்டியதும் குறி தப்புகிறது, குறி தப்பியதும் மவுஸில் பழி விழுகிறது. உண்மையில் குறை பேட்டில். 45க்கு 40 சென்றிமீற்றர் பேட் ஒன்று பலருக்கும் போதும். விசைப்பலகைக்கும் கீழே விரிக்கும் 90 சென்றிமீற்றர் பேட் அழகானதுதான். ஆனால் பேராதனையைச் சுற்றிய மாணவர் அறைகளில் இருக்கும் மேசைகள் பலவற்றில் அது விளிம்பில் தொங்கும். மேசையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

துணி பேட்டா, கண்ணாடியா? துணி பேட் என்பது ரப்பர் அடியின் மேல் ஒட்டிய பொலியஸ்டர் நெசவு. ஸ்டீல்சீரிஸின் கியூசிகே இந்த வகையில் பெயர் பெற்றது. மலிவு, கைக்கு இதம், நிறுத்த நினைத்த இடத்தில் மவுஸ் நிற்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். காலையில் ஒரு வேகம், மழை பெய்து ஓய்ந்த இரவில் வேறொரு வேகம் என்று கண்டியில் ஆடுபவர்கள் சொல்வது பிரமை அல்ல. நெசவில் ஈரமும் கை வியர்வையும் சேர்ந்தால் உராய்வு கூடும், முன்கையும் ஒட்டிக்கொள்ளும். கை முழுவதையும் வீசி ஆடுபவர்கள் மெல்லிய உறை ஒன்றை முன்கைக்குப் போட்டுக்கொள்வது இதற்காகத்தான்; பழைய மேசின் பாதப் பகுதியை வெட்டிவிட்டுப் போட்டாலும் வேலை நடக்கும்.

துணி பேட்டைக் கழுவலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், சிறிது சோப், மென்மையான தேய்ப்பு. கழுவுவதை விடக் காயவைப்பதே பெரிய வேலை. நவம்பரில் கழுவினால் மூன்று நாளானாலும் ரப்பரோடு ஒட்டிய அடிப்பகுதி ஈரமாகவே இருந்து பூஞ்சை மணக்கும். சுருட்டி வைக்காமல், தட்டையாக, விசிறிக்குக் கீழே காயவிட வேண்டும். கொதிவெயிலில் போட்டால் ஒட்டு விடும், இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. ஒழுங்கான கழுவலை பெப்ரவரிக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

கண்ணாடி பேட்டுகள் ஈரத்தை உறிஞ்சாது. மழைக்கும் வெயிலுக்கும் அநேகமாக ஒரே வேகம். அதனால் ஈர நாடுகளில் அவற்றுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. பதிலுக்கு, நிறுத்துவது கடினம், மவுஸின் அடிப் பட்டைகள் விரைவாகத் தேயும், ஒரு மணல் துகள் விழுந்தாலும் கீச்சிடும், விலையும் அதிகம். கண்ணாடிக் கடையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். பேட்டுக்கான கண்ணாடியின் முகம் நுண்ணிய சொரசொரப்போடு செய்யப்பட்டது. சென்சருக்குப் படம் பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் பெரும்பாலான மவுஸ்கள் குருடாகிவிடும்.

மவுஸுக்கே திரும்பினால், வாங்கியவர்களின் திருப்தியையும் வருத்தத்தையும் அநேகமாக முடிவு செய்வது வடிவம். லொஜிடெக் ஜி102 ஏறக்குறைய 117 மில்லிமீற்றர் நீளம், 85 கிராம். அதே நிறுவனத்தின் ஜி502 ஹீரோ 132 மில்லிமீற்றர், 121 கிராம். சின்னக் கையர் இரண்டாவதை வாங்கினால் ஒரு மணித்தியாலத்தில் மணிக்கட்டு பேசும். பெரிய கையர் முதலாவதை வாங்கினால் மோதிர விரல் பேட்டில் உரசும். உள்ளங்கை முழுதும் மவுஸில் படியப் பிடிப்பவருக்கு முதுகு உயர்ந்த நீளமான மவுஸ் வேண்டும். விரல்களை வளைத்து நுனியால் பிடிப்பவருக்குச் சிறியதும் இலகுவானதும் பொருந்தும். இதை எண்ணைப் பார்த்து அறிய முடியாது, பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கண்டி நகரக் கடைகள் பலவற்றில் பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள். கணினிக் கடைகள் நிறைந்த கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு 115 கிலோமீற்றர் போய்வர எல்லோராலும் ஆகாது. மிச்சமிருப்பது கூட்டாளிகளின் மவுஸ்கள். அரை மணித்தியாலம் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயரில்லாத மவுஸ் தாமதிக்கும் என்பது பழைய கதை. 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிளோடு வரும் நல்ல மவுஸ்கள் வயருள்ளவற்றுக்குக் குறைந்தவை அல்ல. புளூடூத்தில் இணைத்து ஆடுவது மட்டும் வேண்டாம். டொங்கிளைக் கணினிப் பெட்டியின் பின்னால் யூஎஸ்பி 3 துளையில் செருகிவிட்டு "விட்டு விட்டு வேலை செய்யுது" என்பவர்கள் பலர். யூஎஸ்பி 3 இணைப்புகளின் இரைச்சல் அந்த அலைவரிசையைக் குழப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்டியோடு வரும் நீட்டிப்பு வயரைப் போட்டு டொங்கிளை பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. லொஜிடெக் ஜி304 போன்றவை ஒரு ஏஏ பற்றரியில் ஓடும், பற்றரியோடு 99 கிராம். பாரம் தெரிகிறது என்பவர்கள் மாற்றுக்கூடு வாங்கி ஏஏஏ பற்றரி போட்டுப் ஏறக்குறைய பத்துக் கிராம் குறைத்துக்கொள்கிறார்கள்.

செக்கனுக்கு 8,000 தடவை செய்தி அனுப்பும் மவுஸ்கள் இப்போது வருகின்றன. வழமையான 1,000ஐ விட ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான இலாபம். இலங்கையிலிருந்து வலோரன்ட் ஆடுவோர் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய்வரும் இணைப்பில் சில பத்து மில்லிசெக்கன்களை இழக்கிறார்கள். 60 ஹேர்ட்ஸ் திரை ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன் எடுக்கிறது. இவை இரண்டும் அப்படியே இருக்க, அந்தக் குறுணிக்காகப் பணம் கொட்டுவது வீண்.

2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360ஐ எட்டியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதும், இந்தச் சாமான்களை வீட்டில் அனுமதி கேட்டு வாங்கும் பொருளாக்கிவிட்டன. அனுமதி கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: இலங்கையில் இ-விளையாட்டு 2019இல் விளையாட்டாக அங்கீகரிக்கப்பட்டது, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமும் வழங்கப்பட்டது. வீட்டில் அது எடுபடுமா என்பது வேறு விடயம்.

கையில் பணம் குறைவென்றால் முதலில் 45 சென்றிமீற்றர் துணி பேட் ஒன்றை வாங்கி, இப்போதுள்ள மவுஸின் உணர்திறனைக் குறைத்து ஒரு மாதம் ஆடுங்கள். அப்போதும் மவுஸ் பற்றாது என்று தோன்றினால், கைக்குப் பொருந்திய வடிவத்தில், பூச்சில்லாத உடலோடு, முடிந்தால் ஒளிச் சுவிட்ச் உள்ளதாக ஒன்றைத் தெரியுங்கள். பற்றுச்சீட்டையும் வாரண்டி அட்டையையும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.