விதியிடம் அல்ல, தந்தையிடம்



‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் எப்போது சொல்கிறோம்? மருத்துவர் கையை விரித்த பிறகு, மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்த பிறகு, பெருமூச்சோடு சொல்கிறோம். அது தலைவிதிக்குப் பணிவது. கிறிஸ்தவ ஒப்படைப்பு அதுவல்ல.

சிலுவையில் இயேசு தம் உயிரை ஒப்படைத்துச் செபித்த வார்த்தைகள் திருப்பாடல் 31-இல் இருந்து வந்தவை. ஆனால் அந்த வசனத்தில் இல்லாத ஒரு சொல்லை அவர் முதலில் சேர்க்கிறார். ‘தந்தையே’ என்ற சொல்தான் அது (லூக்கா 23:46). விதிக்கு முகமில்லை, செவியுமில்லை. தந்தைக்கு இரண்டும் உண்டு. யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதே ஒப்படைப்பு.

இந்த வசனத்தைத் தியானித்து, 1896-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு துறவி சில வரிகள் எழுதினார். தாமே பேசுவதாக எழுதாமல், இயேசு தந்தையிடம் பேசுவதாகவே எழுதினார். இன்று பலர் சொல்லும் ‘ஒப்படைப்புச் செபம்’ அதிலிருந்து பிறந்ததே. எழுதியவர் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ.

பிரான்சில் 1858-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தார். படை அதிகாரியாகி, சொத்தை ஆடம்பரத்தில் கரைத்தார். 1886-இல் மனம் திரும்பினார். 1901-இல் குருவானார். பிறகு சகாரா பாலைவனத்தில், துவாரெக் மக்கள் நடுவே தமன்ராசெத்தில் குடியேறினார். ஒரு துறவு சபை தொடங்க வேண்டும் என்பது அவரது ஆசை. ஒழுங்குகளையும் எழுதி வைத்தார். ஆனால் யாரும் அவருடன் நிலைத்திருக்கவில்லை. உடன் பங்கேற்க ஒருவரும் இல்லாததால், அன்றைய சட்டப்படி 1907 கிறிஸ்துமஸ் அன்று திருப்பலிகூட நிறைவேற்ற முடியவில்லை. அடுத்த மாதம் நோயில் விழுந்தார். கொடும் பஞ்சத்திலும் ஏழை துவாரெக் மக்கள் ஆட்டுப்பால் தேடிக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொள்பவரானார்.

அவர் கைகட்டி உட்காரவில்லை. அம்மக்களின் மொழிக்கு ஓர் அகராதியே தொகுத்தார். உழைப்பு தம்முடையது, பலன் தந்தையுடையது என்று வாழ்ந்தார். 1916 டிசம்பர் 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் கனவு கண்ட சபை பிறந்திருக்கவில்லை. 1933-இல் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபையும், 1939-இல் சிறிய சகோதரிகள் சபையும் அவர் காட்டிய வழியில் பிறந்தன. நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்தோடு 2022 மே 15 அன்று அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆகவே அன்பர்களே, மருந்து சாப்பிடுவதும், பிள்ளையின் படிப்புக்காக அலைவதும், கடனை அடைக்கத் திட்டமிடுவதும் நம்பிக்கைக் குறைவு அல்ல. அழுது மன்றாடுவதும் குறைவல்ல. துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கெத்சமனியில் இயேசுவே கேட்டார். ஆனால் ‘நான் நினைத்தபடிதான் முடிய வேண்டும்’ என்ற பிடியை அங்கே அவர் தளர்த்தினார். நாமும் தளர்த்த வேண்டியது அந்தப் பிடியைத்தான்.

திரு அவை தன் இரவுச் செபத்தில் நாள்தோறும் இயேசுவின் இதே வார்த்தைகளைச் சொல்கிறது. இன்றிரவு படுக்குமுன் நம்மை வாட்டும் ஒரு கவலையைப் பெயர் சொல்லி, ‘தந்தையே’ என்று அழைத்து, அவர் கையில் வைப்போம். நாளைக் காலை நம் கடமையைத் தொடர்வோம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.