கவிஞர் கேட்ட வாலிபம்

1934 ஏப்ரல் தொடக்கம். லண்டனில் நார்மன் ஹேர் என்ற மருத்துவரிடம் அயர்லாந்துக்காரர் ஒருவர் ஆபரேஷனுக்குப் படுத்தார். வயது 68. இரத்த அழுத்தம், பலவீனமான நுரையீரல், சில ஆண்டுகளுக்கு முன் மால்டா காய்ச்சலில் செத்துப் பிழைத்த உடம்பு. அவர் கேட்டு வந்தது அந்த நோய்களுக்கு மருந்தை அல்ல. இழந்த வாலிபத்தைத் திரும்பத் தரச் சொல்லி வந்திருந்தார்.

வந்தவர் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். 1923-இல் இலக்கிய நோபல் பெற்றவர். தாகூரின் ஆங்கில ‘கீதாஞ்சலி’க்கு 1912-இல் முன்னுரை எழுதியதால் நம் வாசகர்களுக்கும் பழக்கமான பெயர். அவருடைய மனைவிக்கு அப்போது 41 வயது. கணவரைவிட 27 வயது இளையவர்.

வயது வித்தியாசம் அதிகமுள்ள திருமணங்களில் ஓர் ஏக்கம் உண்டு. மூத்தவர் காலையில் கண்ணாடி பார்க்கும்போதும், மனைவியோடு படியேறும்போது மூச்சு வாங்கும்போதும் அது எட்டிப் பார்க்கும். பத்து வருடம் பின்னால் போக முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம். யேட்ஸ் அதை ஒளித்துவைக்கவில்லை. கடிதங்களில் எழுதினார், கவிதைகளில் எழுதினார், கடைசியில் கத்திக்கும் உடம்பைக் கொடுத்தார். அவர் வீட்டுக் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பது அதனால்தான்.

அவர் திருமணம் நடந்த விதமே விசித்திரமானது. இளமை முழுவதும் மாட் கான் என்ற அழகியின் பின்னால் போனது. 1889-இல் பார்த்தார், 1891-இல் மணம் செய்துகொள்ளும்படி கேட்டார், மாட் மறுத்துவிட்டார். பிறகும் பலமுறை கேட்டார். 1916-இல் மாட் விதவையான பிறகும் போய்க் கேட்டார். அப்போதும் இல்லை என்றதும், அடுத்த ஆண்டு மாட் கானின் மகள் இசல்டைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு வயது 23, இவருக்கு 52. அவளும் மறுத்தாள். சில வாரங்களுக்குள், 1917 அக்டோபர் 20 அன்று, லண்டன் பதிவு அலுவலகம் ஒன்றில் ஜார்ஜி ஹைட்-லீஸ் என்ற பெண்ணை மணந்தார். மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் கவிஞர் எஸ்ரா பவுண்ட். மணப்பெண்ணுக்கு 25 வயது நிறைந்து நான்கே நாள் ஆகியிருந்தது.

தேனிலவில் மாப்பிள்ளை முகம் வாடிக் கிடந்தார். மனம் இன்னும் இசல்டிடமே இருந்தது. புதுப்பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் கழித்து, ஏதோ ஒரு சக்தி தன் கையைப் பிடித்து எழுத வைப்பதுபோல அவள் காகிதத்தில் எழுதத் தொடங்கினாள். கணவரைத் தேற்றுவதற்காக நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன், பிறகு கை தானாகவே ஓடியது என்று பின்னாளில் ஜார்ஜி சொன்னார். யேட்ஸ் சிலிர்த்துப் போனார். துக்கம் பறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 450 அமர்வுகள், 3,600 பக்கங்கள். கணவர் கேள்வி கேட்பார், மனைவியின் கை பதில் எழுதும். ‘எ விஷன்’ என்ற அவருடைய தத்துவ நூல் அந்தக் காகிதக் கட்டுகளிலிருந்து பிறந்தது. ஜார்ஜி என்ற பெயர் பிடிக்காமல் அவளை ஜார்ஜ் ஆக்கியவரும் அவர்தான்.

பல மொழிகள் கற்று, தத்துவம் படித்த பெண் ஜார்ஜ். 25 வயதிலிருந்து அவருடைய வாலிபம் எந்த வழியில் செலவாயிற்று என்பதற்கு அந்த 3,600 பக்கங்களைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1919-இல் மகள், 1921-இல் மகன். அதற்கு மேல் வீடு, பணம், பிரயாணம், கணவரின் நோய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே முப்பதுகளைக் கடந்தார்.

1930-களில் யேட்ஸ் தளர்ந்தார். நெடுநாள் தோழி கிரெகரி சீமாட்டி 1932-இல் இறந்ததோடு கவிதையும் வற்றிவிட்டதாக நினைத்தார். படுக்கையறையும் எழுத்து மேசையும் அவருக்கு ஒரே ஊற்றின் இரண்டு வாய்க்கால்கள். ஒன்று வறண்டால் மற்றதும் வறளும் என்று நம்பினார். அப்போதுதான் ஸ்டைனாக் ஆபரேஷன் அவர் காதில் விழுந்தது.

வியன்னாவைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஆய்கன் ஸ்டைனாக். கிழட்டு எலிகளின் விந்துக் குழாயைக் கட்டினார். எலிகளின் ரோமம் அடர்ந்தது, சுறுசுறுப்பு வந்தது என்று அறிவித்தார். அவர் தந்த விளக்கம் எளிமையானது. விந்தகத்தில் ஒரு பகுதி விந்தணுவை உண்டாக்குகிறது, இன்னொரு பகுதி ஆண்மை ஹார்மோனைச் சுரக்கிறது. குழாயை அடைத்துவிட்டால் முதல் பகுதி சுருங்கும், அந்த இடத்தில் இரண்டாவது பகுதி பெருகும், ஹார்மோன் கூடும், வாலிபம் திரும்பும். பெரும்பாலும் ஒரு பக்கக் குழாயை மட்டும் கட்டுவார்கள். சிக்மண்ட் பிராய்டே 1923-இல் புற்றுநோய் கட்டுப்படும் என்ற நம்பிக்கையில் இதைச் செய்துகொண்டார்.

ஆண்களுக்கு நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் செய்யும் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் அடிப்படையில் இதேதான். அதைச் செய்துகொண்டால் ஆண்மை போய்விடும் என்று இங்கே அஞ்சுகிறார்கள். அதே வெட்டு ஆண்மையைக் கொண்டுவரும் என்று அன்றைய ஐரோப்பா நம்பியது. இரண்டுமே தவறு. குழாயை வெட்டுவதால் ஹார்மோன் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

காலமும் அப்படி இருந்தது. 1889-இல் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தன் 72-ஆம் வயதில், விலங்குகளின் விந்தகச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு இளமை திரும்பியதாகப் பாரிஸில் அறிவித்தார். 1920-இல் செர்கே வோரனாஃப் என்ற அறுவை மருத்துவர், சிம்பன்சியின் விந்தகத்தைச் சீவல் சீவலாக நறுக்கி மனிதருக்கு ஒட்டினார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். உண்மையான ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1935-இல், யேட்ஸின் ஆபரேஷனுக்கு அடுத்த ஆண்டு.

ஆனாலும் யேட்ஸ் எழுந்துவிட்டார். இரண்டாம் முறை வயதுக்கு வந்ததுபோல் இருக்கிறது என்ற பொருளில் கடிதம் எழுதினார். டப்ளினில் அவரைச் ‘சுரப்பித் தாத்தா’ என்று கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. கவிதை, நாடகம் என்று கடைசி ஐந்து ஆண்டுகளில் எழுதிக் குவித்தார். அந்தக் கவிதைகளில் பல, அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சிறந்த வரிசையில் நிற்பவை. உடம்பில் எதுவும் மாறவில்லை, மனம்தான் தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டது என்பதே இன்றைய மருத்துவத்தின் கணிப்பு. நம்பிக்கைக்கு இவ்வளவு வலு உண்டா என்று வியக்கத்தான் வேண்டும்.

ஆனால் திரும்பி வந்த அந்த வாலிபம் எங்கே போயிற்று? வீட்டுக்கு வரவில்லை. 1934 இலையுதிர்காலத்தில் மார்கோ ரடாக் என்ற 27 வயது நடிகை. பிறகு நாவலாசிரியை எத்தல் மேனின். அப்புறம் பத்திரிகையாளர் எடித் ஷாக்கில்டன் ஹீல்ட். 1935 கடைசியில், இந்தியத் துறவி புரோகித் சுவாமியுடன் சேர்ந்து உபநிஷதங்களை மொழிபெயர்ப்பதற்காக யேட்ஸ் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போனார். சில வாரங்களில் இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து கைவிட்டன. படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள அயர்லாந்திலிருந்து ஓடி வந்தவர் ஜார்ஜ். 1936 மே மாதம் மார்கோ மனம் கலங்கிய நிலையில் அதே தீவுக்கு வந்து நின்றார். பிறகு பார்சிலோனாவுக்குப் போய் அங்கே கீழே விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அவரை மீட்டுவரப் போனவர்களில் ஜார்ஜும் ஒருவர். இளமையைத் தேடிய பெரியவருக்குப் புதுக் கவிதை கிடைத்தது, அந்த நடிகைக்கு மனநோய் விடுதி கிடைத்தது. 1951-இல் இறந்தார்.

ஜார்ஜுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் போன பிறகு உங்கள் காதல்களைப் பற்றி ஊர் எழுதும், நான் வாய் திறக்க மாட்டேன், ஏனென்றால் உங்கள் பெருமிதம் எனக்கு நினைவிருக்கும் என்று அவர் கணவரிடம் சொன்னதாக, வாழ்க்கை வரலாறு எழுதிய ரிச்சர்ட் எல்மன் பதிவு செய்திருக்கிறார்.

இதே ஏக்கத்தை நம் புராணம் வேறு விதமாகச் சொல்கிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் சியவனர் கதை வருகிறது. புற்று மூடிய கிழ முனிவரின் கண்ணை விளையாட்டாக முள்ளால் குத்திவிட்டாள் இளவரசி சுகன்யா. பிராயச்சித்தமாக அவரையே மணக்க நேர்ந்தது. தேவ வைத்தியர்களான அசுவினி தேவர்கள் அவளைப் பார்த்தார்கள். இந்தக் கிழவரை விட்டு எங்களில் ஒருவரைத் தேர்ந்துகொள் என்றார்கள். மறுத்தாள். சரி, உன் கணவரை வாலிபனாக்குகிறோம், பிறகு மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றார்கள். அவள் அதைப் போய்ச் சியவனரிடம் சொன்னாள், அவர் சம்மதித்தார். மூவரும் குளத்தில் மூழ்கி ஒரே உருவத்தோடு எழுந்தார்கள். அவள் தன் கணவரைச் சரியாகக் கண்டுகொண்டாள். மருந்துக் கடையில் விற்கும் சியவனப்பிராச லேகியத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது. சரக சம்ஹிதையின் ரசாயன அத்தியாயத்திலேயே அதன் செய்முறை இருக்கிறது. கதையில் கவனிக்க வேண்டியது, பேச்சு முதலில் மனைவியிடம் வருகிறது என்பது. வைத்தியர்கள் அவளைக் கேட்டார்கள்.

இன்றைக்கு இந்த ஏக்கத்தோடு மருத்துவரிடம் போகிறவருக்கு என்ன கிடைக்கும்? 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாக்ரா இரத்த ஓட்டத்துக்கு உதவும். ஆசையையோ வயதையோ அது தொடாது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தொடவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையை 65 வயதும் அதற்கு மேலும் ஆன, ஹார்மோன் குறைந்திருந்த 790 ஆண்களிடம் ஆராய்ந்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களுக்குத் தாம்பத்திய விருப்பம் ஓரளவு கூடியது, சோர்வு பெரிதாக நீங்கவில்லை. 5,200-க்கும் அதிகமானவர்களை வைத்து 2023-இல் வந்த பெரிய ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சிகிச்சை பெற்றவர்களிடம் அதிகம் தெரிந்தன. ஆகவே இரத்தப் பரிசோதனையில் குறைபாடு உறுதியானவருக்குத்தான் அது மருந்து. வயதாகிவிட்டது என்பதற்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி அது ஆகாது.

‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று கூப்பிடும் விளம்பரங்களை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. தாம்பத்திய சக்தியைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. ஏமாறுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இளைய மனைவிக்குத் தான் பாரமாகிவிடுவோமோ என்ற பயத்தை ஒருவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிந்திருந்தால், அவர் லாட்ஜ் வைத்தியரின் அறைக் கதவைத் தட்டியிருக்க மாட்டார். அவர் மனைவிக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். நோயாளிக்குச் சமைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கழிகிற தன் முப்பதுகளைப் பற்றி.

யேட்ஸ் 1939 ஜனவரி 28 அன்று தெற்கு பிரான்ஸில் இறந்தார். உடன் இருந்த ஜார்ஜுக்கு 46 வயது. அதன்பின் 29 ஆண்டுகள் டப்ளினில் விதவையாக வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை, சுயசரிதை எழுதவில்லை, தேடி வந்த ஆராய்ச்சியாளர்களுக்குக் கணவரின் கையெழுத்துகளைப் படித்துச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், முன்பு சொன்ன எல்மன், அப்போது இளைஞரான அமெரிக்கர், அவர் வீட்டுக்கு வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் ஜார்ஜ். பிறகு ஒரு பழைய சூட்கேஸை எடுத்து, அந்த இளைஞர் கேட்ட காகிதங்களை எல்லாம் அதில் அடுக்கி, எடுத்துப் போய்ப் படிக்கும்படி கொடுத்தனுப்பினார்.