புகைமூட்டக் காலமும் குழந்தைகளின் மூக்கு ஒவ்வாமையும்

தீங்கில்லாத ஒரு பொருளை உடலின் எதிர்ப்பாற்றல் பகையென்று எடுத்துக்கொள்வதே ஒவ்வாமை. அப்பொருள் மூக்கில் பட்டதும் உடல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அடுக்குத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, மூக்கடைப்பு, கண் அரிப்பு எல்லாம் அதன் விளைவுகள். குளிர்நாடுகளில் வசந்தகால மகரந்தம் இதைப் பருவநோயாக்குகிறது. மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வசந்தம் என்று ஒன்று இல்லை. செம்பனையும் ஆண்டு முழுவதும் பூக்கிறது. இங்கே குழந்தையின் மூக்கை ஆண்டு முழுவதும் உறுத்துவது வீட்டுத் தூசிப்பூச்சி. அதைப் பருவந்தோறும் மோசமாக்குவது புகை.

தூசிப்பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, துணிப்பொம்மை ஆகியவற்றில் தங்கி, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சத்திலுள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. கடலோர ஈரப்பதம் அது பெருகுவதற்கு ஏற்றது. காற்றோட்டம் குறைந்த பழைய லயத்து வீடுகளில் பூஞ்சையும் கரப்பான்பூச்சியும் சேர்ந்துகொள்கின்றன.

புகைமூட்டம் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றோடு வருகிறது. சுமத்ராவில் எரியும் கரிநிலக் காடுகளின் புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி நேரே இந்தக் கரையை அடைகிறது. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் ஆகஸ்ட் 11 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இதே கரையிலுள்ள தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின் வைக்கோலை எரித்தால் அந்தப் புகையும் சேரும். புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல; ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுப்பாதையை மேலும் புண்படுத்துவது.

சளிக்காய்ச்சலையும் ஒவ்வாமையையும் பிரித்தறிவது முக்கியம். சாதாரணச் சளி பொதுவாக ஏழு முதல் பத்து நாளில் தணியும், காய்ச்சலும் வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்கும். காலையில் எழுந்ததும் தும்மல், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம் ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். இரவில் மூக்கடைத்துத் தூக்கம் கெடும் பிள்ளை பகலில் பாடத்தில் கவனம் செலுத்தத் திணறும்.

பராமரிப்பு படுக்கையிலிருந்து தொடங்க வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் சூட்டு நீரில் துவைத்தால் பூச்சிகள் சாகும். வெயிலில் காயவைப்பது ஈரத்தைப் போக்கும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கொசுவர்த்திச் சுருள், சிகரெட், தலை குளித்த பிள்ளைக்குக் காட்டும் சாம்பிராணி ஆகிய மூன்றும் புகையே. ஒவ்வாமையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றைத் தவிர்க்க வேண்டும். கொசுவுக்கு வலை போதும்.

புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்தே பிள்ளையை வெளியே விட வேண்டும். 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, அதைத் தாண்டினால் கெடுதி, 300க்கு மேல் அபாயம். 100ஐத் தாண்டியதும் திடல் விளையாட்டை நிறுத்திச் சன்னல்களை மூடிவைக்கலாம். பெரியவர்களுக்கான முகக்கவசம் சிறு குழந்தையின் முகத்தில் சரியாகப் படியாது. வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு. வெளியே போய் வந்தால் குளிப்பாட்டி, உடை மாற்றி, உப்புநீர்ச் சொட்டு மருந்தால் மூக்கைச் சுத்தம் செய்யலாம்.

மருந்துகளில் செட்டிரிசின், லோராடடின் போன்றவை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். பழைய வகையான குளோர்பெனிரமின் தூக்கக் கலக்கம் தரும். தொடர்ந்த மூக்கடைப்புக்கு மருத்துவர் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு மருந்து தரலாம். அதன் முழுப்பலன் தெரியச் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்கள் ஆகும். தொந்தரவு வரும்போது மட்டும் அடித்தால் முழுப்பலன் கிடைக்காது. புகைமூட்டப் பருவம் தொடங்குமுன்பே சுகாதாரக் கிளினிக்கில் காட்டித் திட்டமிடுவது அதனால்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடையில் வாங்கும் சளி மருந்தும், மெந்தால், கற்பூரம் கலந்த தைலமும் கூடாது.

மூக்கு ஒவ்வாமையுள்ள குழந்தைகள் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும். இரவு இருமலும் மூச்சில் விசில் சத்தமும் அதன் அறிகுறிகள். அத்தகைய பிள்ளையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டிலும் பள்ளியிலும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம்பூத்தாலோ தாமதிக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.