மென்பொருள் யாருக்குச் சொந்தம்?



திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் செங்கம் சாலை வழியாக ரமணாசிரமத்தைக் கடந்து நடப்போருக்கு, வழியில் ஆங்காங்கே அன்னதானம் கிடைக்கும். யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கிடைப்பது உணவு; அதன் செய்முறையன்று. காசில்லாமல் உண்பது ஒன்று. பக்குவம் அறிந்து, உப்பைக் கூட்டியோ காரத்தைக் குறைத்தோ தாமே சமைத்து, பிறருக்கும் பரிமாறும் உரிமையைப் பெறுவது மற்றொன்று.

கணிப்பொறியின் மென்பொருளிலும் இதே வேறுபாடு உண்டு. காசில்லாமல் கிடைப்பது இலவச மென்பொருள். செய்முறையோடும், அதைத் திருத்திப் பகிரும் உரிமையோடும் கிடைப்பது திறமூல மென்பொருள். கட்டற்ற மென்பொருள் என்றும் இதைச் சொல்வதுண்டு. இங்கே செய்முறை என்பது மூலநிரல், அதாவது நிரலர் எழுதிய வரிகள். பெரும்பாலான மென்பொருள்களில் இவ்வரிகள் 0, 1 என்னும் இலக்கங்களின் கோவையாக மாற்றப்பட்டே நம் கைக்கு வருகின்றன. அக்கோவையைக் கொண்டு நிரலரின் எண்ணத்தைக் கண்டறிவது, வெந்த குழம்பைச் சுவைத்து ஒவ்வொரு பொருளின் அளவையும் சொல்வது போலக் கடினமானது.

உரிமம் என்றால் என்ன?

ஓம் விதி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை விளக்கி ஒருவர் எழுதிய நூல் அவருக்குச் சொந்தம். கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது; கருத்தை வெளிப்படுத்திய எழுத்துக்கே உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறது. எனவே ஒரு நிரலைப் படியெடுக்கவும் திருத்தவும் அதன் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியையும் அதற்கான நிபந்தனைகளையும் எழுத்தில் தரும் ஆவணமே உரிமம்.

திறமூல மென்பொருளுக்கு உரிமையாளரே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கேயும் பதிப்புரிமை உண்டு. உரிமையாளர் அதைப் பயன்படுத்தியே, "படியுங்கள், திருத்துங்கள், பகிருங்கள்" என்று அனுமதிக்கிறார். "திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும்" என்று சில உரிமங்கள் நிபந்தனை விதிப்பதும் உண்டு.

பாடநூலுக்குள் ஒரு வரலாறு

உரிமத்தின் பயன் என்ன என்பதை நம் பாடநூல்களிலிருந்தே காண்போம். 2000களின் நடுவில் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிப்பொறிப் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் கற்பிக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் அதன் இடத்தில் ஓப்பன் ஆபீஸ் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பம்.

ஸ்டார் ஆபீஸ் ஜெர்மனியில் பிறந்தது. அதை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததே ஓப்பன் ஆபீஸ். 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் நிறுவனம் வாங்கிவிட்டது. புதிய உரிமையாளரின் போக்கு எப்படியிருக்குமோ என்று கவலை கொண்ட நிரலர் பலர், அவ்வாண்டு செப்டம்பரில் மூலநிரலின் ஒரு படியை எடுத்துக்கொண்டு, லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் தனியாக வளர்க்கத் தொடங்கினர். இதற்காக அவர்கள் எந்த நீதிமன்றப் படியையும் ஏறவில்லை. உரிமமே அதற்கு அனுமதி தந்திருந்தது. 2011இல் ஆரக்கிள் ஓப்பன் ஆபீசை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

இதனால் மாணவருக்கு என்ன லாபம்? இம்மென்பொருள்கள் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அவ்வடிவில் அன்று சேமித்த ஒரு கட்டுரையை இன்றும் லிப்ரே ஆபீசில் திறக்கலாம். உரிமையாளர்கள் மாறினார்கள், மாணவரின் எழுத்து பூட்டப்படவில்லை.

நீதிமன்றம் சென்ற வரிகள்

அதே விற்பனையில் ஜாவா என்னும் நிரல்மொழியும் ஆரக்கிளிடம் சென்றது. ஆனால் இதன் கதை வேறு விதமாக நடந்தது. 2010 ஆகஸ்டில் ஆரக்கிள், கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. செல்பேசிகளுக்கான ஆண்ட்ராய்டு இயக்க அமைப்பை உருவாக்கியபோது கூகுள், ஜாவாவுக்கு உரிமம் எதுவும் பெறவில்லை. தேவையான நிரலைத் தானே எழுதியது. ஆயினும் ஜாவா பழகிய நிரலர்கள் தடுமாறாதிருக்க, சுமார் 11,500 அறிவிப்பு வரிகளை அப்படியே படியெடுத்திருந்தது.

அறிவிப்பு வரி என்றால் என்ன? இரண்டு எண்களுள் பெரியதைக் கண்டறிய ஜாவாவில் 'மேத்.மேக்ஸ்' என்று எழுதுவார்கள். அப்பெயரையும், அதற்கு எவ்வகை எண்களைத் தர வேண்டும் என்பதையும் சொல்வது அறிவிப்பு வரி. பெரிய எண்ணைக் கண்டறியும் வேலையைச் செய்பவை வேறு வரிகள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எண்ணிப் பாருங்கள். எந்த விசையில் எந்த எழுத்து என்பது எல்லாப் பலகைகளிலும் ஒன்றே. விசைக்கு அடியிலுள்ள மின்சுற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கலாம். எழுத்துகளின் வரிசையே ஒருவருக்குச் சொந்தமானால், தட்டச்சுப் பழகியவர்கள் அவருடைய பலகையிலேயே கட்டுண்டு கிடப்பார்கள் அல்லவா?

ஒரு கட்டத்தில் ஆரக்கிள் கேட்ட இழப்பீடு சுமார் 900 கோடி டாலர். பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கில், 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டாலும், கூகுள் செய்தது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடே என்றது. இதற்கிடையே 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 பதிப்பிலேயே கூகுள், ஜாவாவின் திறமூலப் பதிப்புக்கு மாறியிருந்தது.

இரு கதைகளையும் ஒப்பிடுங்கள். தெளிவான உரிமம் கையிலிருந்தவர்கள் ஒரே ஆண்டில் தம் வேலையைத் தொடங்கினர். உரிமம் இல்லாமல் எடுத்ததற்கோ பத்தாண்டு வழக்கு!

உங்கள் கையில் இருப்பது

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அம்மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பு தரப்பட்டது. மைய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் திறமூல அமைப்பிலிருந்து உருவாக்கியது அது. மடிக்கணினி விலையில்லாமல் வந்தது. மென்பொருளோ செய்முறையோடு வந்தது. முன்னது ஒருநாள் பழுதாகிவிடும். பின்னதை எத்தனை கணிப்பொறியிலும் முறையாகவே நிறுவிக்கொள்ளலாம்.

விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் தீயது என்பதன்று இதன் பொருள். சில வேலைகளுக்கு அதுவே சிறந்ததாக இருக்கலாம். ஆனால் பள்ளியில் ஒரு கருவியைப் பழகும்போது, "பள்ளியை விட்டுச் சென்ற பிறகும் இது என்னோடு வருமா? இதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

அடுத்த முறை ஆய்வகத்தில் லிப்ரே ஆபீசைத் திறந்தால், உதவிப் பட்டியலில் உள்ள உரிமத் தகவலைப் படித்துப் பாருங்கள். நீங்களே பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினால், அதன் தலைப்பில் உங்கள் பெயர், ஆண்டு, உரிமம் ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள். பெயரும் ஆண்டும் அது உங்கள் படைப்பு என்பதைக் காட்டும். அதைக் கொண்டு தான் என்ன செய்யலாம் என்பதை, முகம் தெரியாத இன்னொரு மாணவருக்கு உரிமம் சொல்லும்.