கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே

பிக்கப் வண்டியின் கேபின் சேசிஸின் மேல் நேராக உட்காருவதில்லை. தாங்குமிடம் ஒவ்வொன்றிலும் இரண்டுக்கும் நடுவே கனத்த ரப்பர் உருளை ஒன்று இருக்கிறது. பாடி புஷ், கேபின் புஷ், மவுண்டிங் ரப்பர் என்று பட்டறைக்குப் பட்டறை பெயர் மாறும். சந்தையில் மூட்டை தூக்குபவர் தலைக்கும் சுமைக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் சும்மாட்டின் வேலைதான் இதற்கும். பாரத்தை ஒரே இடத்தில் அழுந்த விடாமல் பரப்பும்; கீழிருந்து வரும் அதிர்வை மேலே போக விடாமல் தானே வாங்கிக்கொள்ளும்.

கீழப்பாவூர் வட்டாரத்து வண்டிகளில் இந்த ரப்பருக்கு வேலை அதிகம். விடியலில் வயலில் ஏற்றிய தக்காளியும் கத்தரியும் குளத்துக்கரைப் பாதை வழியே குலுங்கிக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்கு வருகின்றன. அங்கிருந்து ஒரு பகுதி செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு மலையேறுகிறது. மண்பாதை, வேகத்தடை, புளியரை வளைவு, மலைச்சாலை, தென்மேற்குப் பருவத்தின் சாரல் எல்லாம் ஒரே நாளின் ஓட்டத்தில் வந்துவிடும். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பும் டாடா 207-ம் இந்த ஓட்டத்துக்குத் தாக்குப்பிடிப்பதற்கு அவற்றின் அடிச்சட்டமே காரணம்.

இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ஏணிதான் அந்த அடிச்சட்டம். 1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியபோது வந்த அமைப்பு இன்றுவரை பிக்கப்புகளில் தொடர்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஏணி சற்று முறுகிக்கொடுக்கும். முறுகினால்தான் உடையாமல் இருக்கும். தகட்டை மடித்து வெல்டு வைத்த பெட்டியான கேபினுக்கோ முறுகத் தெரியாது. இரண்டையும் இரும்போடு இரும்பாகப் பூட்டினால் சில மாதங்களிலேயே கேபினின் வெல்டு விட்டு, கதவு மூடாமல் போகும். முறுக்கத்தை நடுவில் நின்று விழுங்குவது புஷ். அடிச்சட்டமும் உடலும் ஒன்றேயான ஆம்னி வேன் போன்ற வண்டிகளில் இந்தப் பாகத்துக்கே இடமில்லை.

ஒரு புஷ் என்பது ஒற்றைத் துண்டன்று. சேசிஸிலிருந்து நீளும் தாங்கியின் மேலே தடித்த ரப்பர். அது கேபினின் எடையைச் சுமக்கிறது. தாங்கிக்குக் கீழே மெல்லிய இன்னொரு ரப்பர். வண்டி குதிக்கும்போது கேபின் மேலே எழும்பாமல் பிடித்து இழுப்பது அது. இரண்டின் நடுவே ஓர் இரும்புக் குழாய், குழாய்க்குள் நீண்ட போல்ட், மேலும் கீழும் கிண்ணம் போன்ற வாஷர்கள். பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் குழாயைத்தான். போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் நசுங்கும். வாஷர் குழாயின் முனையில் போய் முட்டியதும் நசுங்குவது நின்றுவிடும். ரப்பர் எவ்வளவு அழுந்தியிருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே அந்தக் குழாயின் உயரத்தில் எழுதிவைத்துவிட்டார்கள் எனலாம். குழாய் துருப்பிடித்துக் குறுகிவிட்டால் முறுக்குவதற்கு எல்லையே இல்லாமல் போகிறது.

ரப்பரைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் ஒன்று உண்டு: அழுத்தினால் சுருங்கும் பொருள் அது என்று. உண்மையில் ரப்பர் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் கன அளவைக் குறைப்பது தண்ணீரின் கன அளவைக் குறைப்பதற்கு ஏறத்தாழச் சமமான கடினம். மேலிருந்து அழுத்தும்போது உயரம் குறைகிறது. குறைந்த அளவு முழுவதும் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. வடிவம் மாறுகிறது, அளவு மாறுவதில்லை. புஷ் ரப்பரின் வடிவத்தை மாற்றத் தேவைப்படும் விசையையும் அளவைக் குறைக்கத் தேவைப்படும் விசையையும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஆக, பிதுங்க இடம் இருக்கும் வரைதான் ரப்பர் மெத்தை. இடத்தை அடைத்துவிட்டால் அதுவும் கல்தான்.

புஷ்ஷின் வடிவம் முழுக்க இந்த ஒரு குணத்தை வைத்தே வரையப்படுகிறது. இடுப்பில் பள்ளம், ஓரத்தில் சரிவு, நடுவில் குழிகள் எல்லாம் அழகுக்காக வைத்தவை அல்ல. பிதுங்குவதற்கென்று ஒதுக்கிய இடங்கள். அதே ரப்பரை அதே அகலத்தில் பாதி உயரத்துக்கு வெட்டினால் கடினம் இரு மடங்குக்கும் மேலே ஏறிவிடும். உயரம் குறையும்போது பிதுங்குவதற்கான பக்கமும் குறைகிறது என்பதே காரணம். தேய்ந்து அமுங்கிய புஷ் ஓட்டுநரின் முதுகில் ஏன் அப்படி இடிக்கிறது என்பதற்கும் விடை இதுவே. தொய்ந்துபோன புஷ்ஷைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி ‘டைட்’ செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். வளையத்துக்குள் அடைபட்ட ரப்பர் பிதுங்க வழியில்லாமல் இரும்பாகவே நடந்துகொள்கிறது. ஆட்டம் நின்றது போலத் தோன்றும். அதிர்வு முழுவதும் கேபினுக்குப் போய்ச்சேரும்.

இதே குணத்தைத் திருப்பிப் பயன்படுத்தும் பொறியாளர்களும் உண்டு. பாலங்களின் உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே கருப்புத் திண்டுகள் வைக்கப்படுகின்றன. அவற்றுக்குள் மெல்லிய ரப்பர் தாளும் இரும்புத் தகடும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். தகடுகள் ரப்பரைப் பிதுங்க விடாமல் பிடித்துக்கொள்வதால், மேலிருந்து வரும் பாரத்துக்கு அந்தத் திண்டு அசைந்து கொடுக்காது. வெயிலில் உத்தரம் நீளும்போது மட்டும் பக்கவாட்டில் நெகிழ்ந்து இடம் தரும். 2001 நிலநடுக்கத்தில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்ட குஜராத்தின் பூஜ் நகர மருத்துவமனையும் இவ்வகை அடுக்குத் திண்டுகளின் மேல்தான் நிற்கிறது. அவற்றின் நடுவே ஈயத்தண்டு ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஒரு மருத்துவமனையைத் தாங்குகிற தத்துவத்தின் சிறிய வடிவமே காய்கறி வண்டியின் கேபினுக்கு அடியிலும் கிடக்கிறது.

இந்தப் புஷ்ஷுக்கு மூலப்பொருள் தரும் ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. கேரளத்தில் 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிக முறையில் ரப்பர் நடப்பட்டது. கீழப்பாவூர் காய்கறி போய்ச்சேரும் புனலூர் இன்று முழுக்க ரப்பர் பூமி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களைக் குடியமர்த்தி வேலை தர 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமும் புனலூரில் ரப்பரைத்தான் பயிரிட்டது. மரத்துப் பால் அப்படியே புஷ் ஆகிவிடாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தால் மீளும் வலு வரும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறை அது. கரித்தூள், மெழுகு, காப்புப் பொருள்கள் சேர்ந்த பிறகே நாம் காணும் கருப்பு உருளை கிடைக்கிறது.

அந்த உருளைக்குப் பகைகள் பல. வெப்பம் அதை இறுகச் செய்யும். சைலென்சர் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள புஷ் மற்றவற்றுக்கு முன்பே கெட்டுப்போவது இதனால்தான். காற்றில் மிகச் சிறு அளவில் உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் இடங்களில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். ஓய்வில்லாத பாரத்தால் ரப்பர் அமுங்கி, பாரத்தை எடுத்தாலும் பழைய உயரத்துக்குத் திரும்பாமல் போகும். இவையெல்லாம் வயதின் கூலி. தள்ளிப்போடலாமே தவிரத் தவிர்க்க முடியாது.

தவிர்க்கக்கூடிய பகை ஒன்று உண்டு: எண்ணெய். மழைக்காலம் தொடங்குமுன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடிப்பகுதி முழுவதும் கழிவு எஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து பீய்ச்சி அடிப்பது ஊர்ப்பக்கத்தில் பலரும் செய்கிற பராமரிப்பு. இரும்புக்குத் துருப்பிடிக்காது என்பது அதன் நியாயம். ஆனால் தண்ணீரைத் தள்ளிவிடுகிற இயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெயைக் குடித்துவிடும். குடித்து ஊதி, மென்மையாகி, விரலால் பிய்க்கும் அளவுக்குத் தளர்ந்துபோகும். அடித்த எண்ணெயின் மேல் புழுதி ஒட்டிக் களிம்பாகி, கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாமலும் மறைந்துவிடுகிறது. வண்டியின் மேல் உள்ள அக்கறையால் செய்கிற காரியம் வண்டியின் மூட்டுகளைத் தின்கிறது. துருவைத் தடுக்க வேண்டுமானால் சகதியை நல்ல தண்ணீரால் கழுவி, உலரவிட்டு, சேசிஸுக்கு ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடிப்பதே சரி. செலவு சற்றுக் கூடும், புஷ் பிழைக்கும்.

புஷ் கெட்டதை வண்டி பல விதமாகச் சொல்லும். பிரேக் பிடிக்கும்போதும் கியர் போட்டு நகரும்போதும் அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஓட்டுநர்கள் அதைப் பெரும்பாலும் ஸ்பிரிங் பட்டையின் மேல் போட்டுவிட்டு, பட்டைக்கு வீண்செலவு செய்வார்கள். கதவைச் சற்றுத் தூக்கி மூட வேண்டியிருக்கும். கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையே உள்ள சந்து ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் நிற்கும். பம்பர் சேசிஸோடும் முகப்பு கேபினோடும் சேர்ந்தவை என்பதால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சரிந்திருந்தால் முன்புஷ் அமுங்கியிருக்கிறது என்று பொருள். உறுதிசெய்துகொள்ள எளிய வழி இது: ஒருவர் அடியில் டார்ச் பிடித்துப் பார்க்க, மற்றவர் வெளியே நின்று கேபினைப் பிடித்து உலுக்க வேண்டும். எஞ்சின் ஓடக் கூடாது, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ரப்பருக்கும் தாங்கிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்போது எல்லாப் புஷ்ஷையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. ஒன்று மட்டும் புதியதானால் அதன் உயரம் கேபினைக் கோணலாக்கி, பழையவற்றைச் சீக்கிரம் கொன்றுவிடும். வேலைக்கு முந்தைய நாளே போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். கழற்றி எறியப்போகும் ரப்பர் என்பதால் இங்கே மட்டும் எண்ணெய்க்குத் தடையில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கேபினையும் சேசிஸையும் இணைத்துச் செல்லும் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்டீரிங் ஷாஃப்ட், பிரேக் குழாய், கிளட்ச், கை பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், எர்த் ஒயர். எதில் தளர்வு போதாதோ அதை முதலில் அவிழ்க்க வேண்டும். கேபினைத் தூக்கிய பிறகு பிரேக் குழாய் இழுபடுவதைப் பார்ப்பதில் பயனில்லை.

பிறகு ஒரு பக்கத்துப் போல்ட்களைக் கழற்ற வேண்டும். எதிர்ப்பக்கத்துப் போல்ட்களைத் தளர்த்தி அப்படியே விட்டுவைக்க வேண்டும், கேபின் நழுவாமல் அவை பிடித்துக்கொள்ளும். பலகையை நடுவில் கொடுத்து, பாட்டில் ஜாக்கியால் கேபினின் பலமான அடிவிளிம்பை மெல்லத் தூக்கினால் போதும். பழைய ரப்பர் வெளியே வரும் அளவுக்குச் சில சென்டிமீட்டர் எழும்பினாலே தாராளம். எழும்பியதும் மரக்கட்டை கொடுத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே விரலை நுழைப்பவர் விரலைப் பணயம் வைக்கிறார்.

இந்த வேலையில் பட்டறையின் பொறுமையைச் சோதிப்பது நட்தான். பல வண்டிகளில் அது கேபின் தரைக்குள் தகட்டுக் கூட்டில் அடைபட்டிருக்கும். துருவால் கூடு விட்டுப்போனால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும். கேஸ் கட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பு தரை விரிப்பைத் தூக்கி, மேலிருந்து நட்டை எட்ட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழி இல்லையானால் தரைத்தகட்டில் சிறு சதுரம் அறுத்து நட்டைப் பிடித்துக் கழற்றி, பிறகு அதை மூடி வெல்டு வைக்கலாம். டீசல் குழாயும் ஒயரும் ஓடும் இடத்தில் நெருப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

புதிய புஷ்ஷை மாட்டுமுன் அதன் குழாயைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்க வேண்டும். துருவால் முனை கரைந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரப்பர் அச்சாகப் பொருந்தி, குழாய் மட்டும் குட்டையாக இருக்கும் மலிவுப் பொருள்களும் கிடைக்கத்தான் செய்கின்றன. பழைய டயரை வட்டமாக வெட்டி வைப்பது அதைவிட மோசம். டயருக்குள் ஓடும் நூலடுக்குகள் அதைப் பிதுங்க விடுவதில்லை. குழாயும் இல்லாததால் போல்ட் நிற்குமிடமே தெரியாது. யூரித்தேன் புஷ்ஷுக்கு எண்ணெயைத் தாங்கும் சக்தி அதிகம், ஆயுளும் கூடுதல். ஆனால் கடினமானது, அதிர்வைக் கேபினுக்குக் கூடுதலாகக் கடத்தும். தினமும் மலையேறி இறங்கும் ஓட்டுநரின் முதுகுக்கு நல்ல ரப்பரே மேல். மாட்டும்போது வழவழப்பு வேண்டுமானால் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது.

தாங்கியின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டு, இரு பக்கமும் மாட்டி முடிந்த பிறகே போல்ட்களை முழுதாக முறுக்க வேண்டும். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசிப் போல்ட் துளைக்கு நேர் வராது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு வண்டிக் கம்பெனியின் கையேட்டில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில நாள் லோடு ஓடி ரப்பர் படிந்ததும் எல்லாப் போல்ட்களையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அடுத்த முறை வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, அடியில் ஆயில் அடிக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.